புதுக் கால்வாயில் மீன் ஏறுகிறதா? இன்டேக் அணையில் நான் கணக்கெடுக்கும் விதம்

மே மாதம் பாதியானதும், அமெரிக்காவில் எல்லோஸ்டோன் ஆற்றின் இன்டேக் அணைக் கரையில் கூட்டம் சேரும். 15-ஆம் தேதி முதல் பேடில்ஃபிஷ் என்ற துடுப்பு மூக்கு மீனைப் பிடிக்க அனுமதி உண்டு. தூண்டில்காரர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் யாராவது ஒருவர், மீனுக்குள் வைத்த ரேடியோவைக் கேட்கும் என் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, "அந்தப் புதுக் கால்வாயில் ஸ்டர்ஜன் போகிறதா?" என்று கேட்பார். போகிறது. அணையைச் சுற்றி மீன் ஏறுவதற்காக வெட்டிய கால்வாய் அது. 2022 ஏப்ரலில் திறந்தார்கள், முதல் வசந்தத்திலேயே போனது. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த மீன் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. அணையடிக்கு எத்தனை வந்தன, அவற்றில் எத்தனை ஏறின, ஏறும் முன் எத்தனை நாள் தவித்தன, ஏறியவை எவ்வளவு தூரம் போயின என்று சொல்லத் தெரிய வேண்டும். கால்வாய் திறந்ததிலிருந்து நான்கு வசந்தங்கள் படகிலும் கரையிலுமாக இந்த வேலையைச் செய்திருக்கிறேன். மீன்வளமோ நீரியலோ படிக்கும் பிள்ளைகள் என்றாவது ஒரு அணையடியில் இதே கேள்வியோடு நிற்பார்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மொன்டானா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கிளென்டைவ் ஊருக்கு வடகிழக்கே சுமார் 27 கிலோமீட்டரில், எல்லோஸ்டோன் ஆற்றின் குறுக்கே இன்டேக் தடுப்பணை இருக்கிறது. பாசனத்துக்காக நூறு வருஷத்துக்கு முன் மரச்சட்டமும் பாறையும் போட்டுக் கட்டியது; கால்வாய் வெட்டியபோது அதற்குப் பதிலாகக் கான்கிரீட் தடுப்பணை கட்டினார்கள். பழையதன் உயரமே 12 அடிதான். ஆனால் ஸ்டர்ஜன் துள்ளும் மீன் இல்லை. சால்மன் மாதிரி படிப்படியாகத் தாவி ஏறத் தெரியாது. ஆற்றின் அடியை ஒட்டி, சுழலையும் இரைச்சலையும் தவிர்த்து ஊர்ந்த மாதிரி நீந்தும். அதனால்தான் இங்கே மீன்படிக்கட்டு கட்டாமல், அணையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சிறு ஆற்றையே வெட்டினார்கள். 2.1 மைல், அதாவது ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் நீளம். ஆற்றுத் தண்ணீரில் சுமார் 13 முதல் 15 சதவீதம் அதில் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

எந்த மீனைப் பார்க்கிறோம்

பல்லிட் ஸ்டர்ஜன். 1990-ல் அமெரிக்க அரசு அழிந்துவரும் இனமாகப் பட்டியலிட்டது. ஐந்தடிக்கு மேல் வளரும், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழும். பெண் மீன் முட்டைக்கு வரவே பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அதன் பிறகும் வருஷா வருஷம் முட்டையிடாது, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான். இந்தப் பகுதியில் இயற்கையாகப் பிறந்த பெரிய மீன்கள் சுமார் 125 மிஞ்சியிருப்பதாக ஒரு மதிப்பீடு வந்து பல வருஷம் ஆகிறது. அவற்றில் பெரும்பாலானவை, கீழே மிசௌரி ஆற்றில் 1953-ல் கேரிசன் அணை தண்ணீரைத் தேக்குவதற்கு முன் பிறந்தவை என்று கருதுகிறார்கள். அவை முட்டையிடாமல் இல்லை. பிறந்த குஞ்சுதான் பிழைக்கவில்லை. ஒரு கிழ மீனைக் கையில் ஏந்தும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்: எத்தனையோ வருஷமாக ஏறி, இட்டு, இழந்துகொண்டே இருக்கிறது.

இதே ஆற்றில் ஷவல்நோஸ் ஸ்டர்ஜன் என்று இதன் தம்பி மாதிரி ஒன்று ஏராளமாக உண்டு. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் கணக்கெடுக்க இறங்காதீர்கள். மூக்கைத் திருப்பி அடியில் இருக்கும் நான்கு மீசையைப் பாருங்கள். ஷவல்நோஸுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே வரிசை. பல்லிட்டுக்கு நடு இரண்டும் குட்டை, சற்று முன்னே தள்ளி இருக்கும். வயிறு பல்லிட்டுக்கு வழுவழுவென்று வெறுமையாக இருக்கும், மற்றதற்குச் செதில் தட்டுகள் தடவினாலே தெரியும்.

இந்த ஒற்றுமையால்தான் "கால்வாயில் ஒரு கேமரா வைத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு நான் இல்லை என்கிறேன். எல்லோஸ்டோன் வசந்த காலத்தில் பால் ஊற்றிய காபி மாதிரி ஓடும். ஒரு சாண் ஆழத்தில் கை மறைந்துவிடும். ஒலியால் படம் பிடிக்கும் சோனார் கேமரா சேற்றிலும் வேலை செய்யும், மீனின் உருவம் தெரியும். மீசை தெரியாது. எந்த மீன் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் மீனே தன் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் டேக், அதாவது மீனின் உடலுக்குள் வைக்கும் அடையாளக் கருவி.

டேக் போடுவது

அனுமதி இல்லாமல் இந்த மீனைத் தொடக்கூடாது. அழியும் இனச் சட்டப்படி பெயர் குறிப்பிட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். எத்தனை மீனைப் பிடிக்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும்.

மூன்றடுக்கு வலையை ஆற்றோட்டத்தோடு மிதக்கவிட்டுப் பிடிப்போம். வயிற்றில் சிறு கீறல் போட்டு ரேடியோ டிரான்ஸ்மிட்டரை உள்ளே வைத்து, ஆன்டெனாக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தைத்துவிடுகிறோம். டேக்கின் எடை மீனின் எடையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. கீறல் போட்ட அந்தச் சில நிமிடத்திலேயே ஆணா பெண்ணா, முட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இரத்தமும் எடுத்தால் ஹார்மோன் அளவு தெரியும். இதை வேலைப்பளுவில் விட்டுவிட்டால் பின்னால் வருந்துவீர்கள். இந்த வருஷம் முட்டையிடப் போகாத பெண், அணையடிக்கே வராது. அதைப் போய் "ஏறத் தவறியது" என்று எழுதினால் கால்வாயின் மேல் பொய்ப்பழி.

பிட் டேக் என்று அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியதாக, பேட்டரி இல்லாத இன்னொன்றும் உண்டு. பண்ணையில் வளர்த்து விடும் மீன்களை அதை வைத்தே அடையாளம் காண்கிறோம். ஆயுள் முழுக்க இருக்கும், விலையும் குறைவு. ஆனால் படிக்கும் கருவிக்கு மிக அருகில் மீன் வர வேண்டும். குறுகலான மீன்படிக்கட்டுக்கு அது அருமை. இந்த மாதிரி அகலமான கால்வாய்க்கு ரேடியோதான் சரி.

வாசற்படி எங்கே?

மொத்த வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. ஏறிய மீனை எண்ணுவது எளிது. எதனால் வகுப்பது?

டேக் போட்ட மீன் மொத்தத்தாலும் வகுத்தால், மிசௌரியிலேயே தங்கிவிட்ட மீனுக்கும் கால்வாய் பொறுப்பாகிவிடும். கால்வாய்க்குள் நுழைந்த மீனால் மட்டும் வகுத்தால், வாய்க்காலின் வாயைக் கண்டுபிடிக்க முடியாமல் அணையடியில் முட்டி முட்டித் திரும்பிய மீன் கணக்கிலேயே வராது. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதில் எண் அழகாக வரும். ஆற்றில் ஏறக்குறைய ஏழில் ஆறு பங்கு தண்ணீர் அணை மேல் விழுகிறது, ஒரு பங்குதான் கால்வாயிலிருந்து வருகிறது. ஏறுகிற மீன் பெரிய நீரோட்டத்தைத் தேடித்தான் போகும். நம் ஊரில் புதுவெள்ளம் வரும்போது மீன் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த மடையில் தண்ணீர் வேகமாக வருகிறதோ அங்கேதான் குவியும். கால்வாயின் கீழ்வாயை அணைக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்ததும் அதற்காகத்தான்.

இன்டேக்கில் வைத்த அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏப்ரல் 1 முதல் ஜூன் 15 வரை, அணையிடம் வரை வந்த பெரிய மீன் எல்லாம் "ஏற முனைந்த மீன்". அவற்றில் குறைந்தது 85 சதவீதம் மேலே போக வேண்டும். நீங்கள் எந்த அணைக்குச் செய்தாலும், முதல் மீன் வருவதற்கு முன்பே "இந்தக் கோட்டைத் தாண்டினால் வந்ததாக அர்த்தம்" என்று ஒரு கோடு கிழித்து எழுதி வைத்துவிடுங்கள். பருவம் முடிந்த பிறகு கோட்டை நகர்த்தினால் எந்த எண்ணையும் வரவழைக்கலாம்.

நிலையங்கள்

என் விருப்பப்படி வைக்கச் சொன்னால் ஏழு இடம் சொல்வேன். மிசௌரியோடு சேரும் சங்கமத்தருகே ஒன்று. யார் இந்த ஆற்றுக்குள் நுழைந்தார் என்று அது சொல்லும். அணைக்குக் கீழே வாசற்படிக் கோட்டில் ஒன்று. கால்வாயின் கீழ்வாய், நடு, மேல்வாய் என்று மூன்று. அணைக்கு மேலே சில கிலோமீட்டர் தள்ளி ஒன்று. கடைசியாக, இன்னும் மேலே டெர்ரி ஊரருகே பவுடர் ஆறு வந்து சேரும் இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ரிசீவர், பேட்டரி, சோலார் தகடு, இரண்டு ஆன்டெனா. ஒன்று ஆற்றின் மேல்திசை பார்க்கும், மற்றது கீழ்த்திசை. கீழ்த்திசை ஆன்டெனாவில் முதலில் சிக்னல் வலுத்து, பிறகு மேல்திசைக்கு மாறினால் மீன் ஏறிக் கடந்தது. ஒற்றை ஆன்டெனா வைத்தால் மீன் இருந்தது தெரியும், எந்தப் பக்கம் போனது என்று தெரியாது.

நிலையத்தை நிறுத்தியதும் நம்பிவிடாதீர்கள். ஒரு டேக்கைக் கயிற்றில் கட்டி, எடை போட்டு, ஆற்றின் அடியில் உரசுகிற மாதிரி படகிலிருந்து இறக்கி, இந்தக் கரை, நடு, அந்தக் கரை என்று மூன்று முறை நிலையத்தைக் கடந்து பாருங்கள். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஒரு தடவை, வெள்ளத்தில் ஒரு தடவை. ஆழம் கூடக் கூட ரேடியோ சிக்னல் மங்கும். ஏப்ரலில் கரை முதல் கரை வரை கேட்ட ஆன்டெனா ஜூன் வெள்ளத்தில் பாதி ஆற்றைத்தான் கேட்கும். மீன் ஏறுவதும் அந்த வெள்ளத்தில்தான்.

பொய் ஒலிகளும் வரும். மின்கம்பி, பாசன மோட்டார் எல்லாம் ரிசீவரில் ஏதோ ஒரு டேக் எண்ணாகப் பதிவாகும். ஒரே ஒரு முறை கேட்ட எண்ணை நான் மீனாக ஏற்பதில்லை. அந்த டேக்கின் துடிப்பு இடைவெளிக்குப் பொருந்தி, அடுத்தடுத்து மூன்று முறையாவது கேட்டிருக்க வேண்டும். முந்தைய இடத்திலிருந்து அந்த நேரத்துக்குள் ஒரு மீன் நீந்தி வர முடியுமா என்றும் பார்ப்பேன்.

என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம், ஒரு பெண் மீன் கால்வாயின் கீழ்வாயில் இரவு முழுக்க நின்றது பதிவாகியிருந்தது. அதற்கு மேல் எந்த நிலையத்திலும் இல்லை. "திரும்பிவிட்டது" என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் படகில் தேடிப் போனபோது பவுடர் ஆற்று முகத்தருகே அதே எண் தெளிவாகத் துடித்தது. போய்ப் பார்த்தால், மேல்வாய் நிலையத்தின் பேட்டரி ஒயர் கழன்று ஒன்பது நாள் ஊமையாக நின்றிருக்கிறது. முட்டை நிறைந்த ஒரு பெண் செய்த சாதனையை நான் தோல்வி என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு காவல் டேக்கைக் கரையில் நட்டு வைக்கிறேன். அது மணிக்கொரு முறை துடிக்கும். அதன் துடிப்பு பதிவில் இல்லையென்றால் அந்த நேரம் நிலையம் செத்திருந்தது என்று பொருள், மீன் வரவில்லை என்று பொருள் இல்லை.

கரையில் நிற்கும் கருவி எவ்வளவு நல்லதானாலும் வாரத்துக்கு ஒரு நாள் படகில் போய்த் தேடுவதை நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில், வெள்ளத்திலும் அசையாமல் துடிக்கிற டேக் இருந்தால் அது கழன்று விழுந்ததாகவோ மீன் இறந்ததாகவோ இருக்கலாம். அதைக் கணக்கிலிருந்து எடுக்கப் படகுப் பதிவுதான் ஆதாரம்.

எண்களை என்ன செய்வது

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவது என் வழக்கம். வாசற்படிக்கு வந்த நாள், கால்வாயில் நுழைந்த நாள், மேல்வாயில் வெளியேறிய நாள், இடையில் எத்தனை முறை பின்வாங்கியது. மீனை எண்ணுங்கள், முயற்சியை எண்ணாதீர்கள். ஆனால் முயற்சியைக் குறித்து வையுங்கள். நான்கு முறை வந்து திரும்பி ஐந்தாவது முறை ஏறிய மீன், முதல் முறையே ஏறிய மீனோடு ஒன்றல்ல. முட்டை காத்திருக்காது, தண்ணீர்ச் சூடும் காத்திருக்காது.

நிலையம் எத்தனை மீனைத் தவறவிடுகிறது என்பதை அதற்கு மேலே உள்ள நிலையமே சொல்லிவிடும். உதாரணத்துக்கு, மேலே 20 மீன் கேட்டது, அந்த இருபதில் 18 மட்டுமே மேல்வாயில் பதிவாகியிருக்கிறது என்றால் மேல்வாயின் திறன் 90 சதவீதம். இதைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் பதிவை மட்டும் எண்ணினால் கால்வாய் உண்மையைவிட மோசமாகத் தெரியும்.

அடுத்தது மீன் எண்ணிக்கை பற்றிய கசப்பான விஷயம். அரிய மீன் என்பதால் ஒரு பருவத்தில் கையில் கிடைப்பது சில தலைகள்தான். 10 வந்து 8 ஏறின என்று வையுங்கள். 80 சதவீதம் என்று எழுதலாம், ஆனால் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வரம்பு, ஏறக்குறைய 44-லிருந்து 97 வரை நீள்கிறது. 20 வந்து 17 ஏறினால் சரியாக 85 சதவீதம், எல்லை 62-லிருந்து 97 வரை. ஒரு வருஷ எண்ணை வைத்து வெற்றி என்றும் தோல்வி என்றும் தீர்ப்புச் சொல்ல யாராவது அவசரப்பட்டால் இந்த எல்லையை அவர்கள் முன் வையுங்கள். பல வருஷங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆற்றுக்குப் பிறந்ததையும் பண்ணையில் வளர்த்து விட்டதையும் தனித்தனியாகவும் பார்க்க வேண்டும். 1998 முதல் இங்கே பண்ணை மீன் விடுகிறார்கள், மூத்தவை இப்போது பருவத்துக்கு வந்துவிட்டன.

எண்ணிக்கை போதவில்லையே என்று ஷவல்நோஸுக்கும் பேடில்ஃபிஷுக்கும் டேக் போடலாம். அவையும் ஏறினால் நல்ல செய்திதான். அதை வைத்துப் பல்லிட் ஏறும் என்று எழுதக்கூடாது.

தண்ணீரையும் அளக்க வேண்டும்

மீன் ஏறாத வாரத்தில் கால்வாய் எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. படகின் பக்கவாட்டில் நீரோட்ட அளவியைக் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போய் ஆழத்தையும் வேகத்தையும் எடுங்கள். ஆற்றில் விநாடிக்கு 15,000 கன அடிக்குக் கீழே ஓடும்போது கால்வாயில் குறைந்தது 4 அடி ஆழம், அதற்கு மேல் ஓடும்போது 6 அடி. சராசரி வேகம் விநாடிக்கு 2 முதல் 6 அடிக்குள். இதுதான் இங்கே வைத்த வரம்பு. குளிர்காலத்தில் எல்லோஸ்டோனில் பனிக்கட்டிகள் நெரிந்து அடைத்துக்கொள்ளும். அது உடைந்து போகும்போது கரையை அரித்துவிடும், வாயில் மணல் தள்ளிவிடும். ஆகவே போன வருஷ அளவு இந்த வருஷத்துக்கு உதவாது. ஏப்ரலுக்கு முன் புதிதாக அளந்துவிடுங்கள். தினசரி நீர்வரத்தும் நீரின் சூடும் ஒவ்வொரு மீன் பக்கத்திலும் எழுதியிருக்க வேண்டும்.

ஏறிய பிறகு

மேல்வாயைத் தாண்டியதும் பெட்டியைக் கட்டிவிடத் தோன்றும். கட்டாதீர்கள். ஏறிய சில நாளிலேயே கீழே விழுந்துவிட்ட மீனைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். ஜூன் கடைசியில் முட்டையிட்டு முடித்து இறங்குவது இயல்பு, அதை இதோடு குழப்பக்கூடாது. இறங்கும்போது அணை மேல் விழுந்து போனதா, கால்வாய் வழி போனதா, உயிரோடு போனதா என்பதும் வேண்டும்.

ஏன் அத்தனை தூரம் துரத்த வேண்டும் என்றால், கால்வாய் வெட்டியதே குஞ்சுக்காகத்தான். பொரித்த குஞ்சு நீந்தத் தெரியாமல் ஆற்றோடு பல நாள் மிதந்து போகும். அதற்கு 245 முதல் 530 கிலோமீட்டர் வரை ஓடும் ஆறு தேவைப்படலாம் என்று கணித்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே முட்டையிட்டால், குஞ்சு மிதந்து முடிவதற்குள், கேரிசன் அணை தேக்கிய சக்ககாவியா நீர்த்தேக்கத்துக்குள் போய்விடும். தேக்கத்தின் தலைப்பில் படியும் வண்டலில் ஆக்சிஜன் இல்லை, அங்கே மூழ்கினால் மூச்சடைத்துச் சாகும். இன்டேக்கைத் தாண்டினால் மேலே ஃபோர்சைத் ஊரின் கார்ட்டர்ஸ்வில் தடுப்பணை வரை இன்னும் 165 மைல், சுமார் 265 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆகவே அணையை ஒட்டி மேலே நின்றுவிட்ட மீனும், பவுடர் ஆறு வரை போன மீனும் என் நோட்டில் ஒரே வரியில் வராது. கால்வாய் வருவதற்கு முன்பே, 2014 வெள்ளத்தில், பழைய கிளை வாய்க்கால் வழியாகச் சில மீன்கள் அணையைச் சுற்றி ஏறிப் பவுடர் ஆற்றுக்குள் போயின. வழி திறந்தால் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும்.

ஜூலை பிறந்ததும் முட்டையிட்ட இடத்துக்குக் கீழே ஆற்றின் அடியில் கூம்பு வலை இறக்கிக் குஞ்சு தேடுங்கள். வலையில் விழும் குப்பையை வெள்ளைத் தட்டில் கொட்டி, நூல் துண்டு மாதிரி நெளிவதையெல்லாம் இடுக்கியால் எடுங்கள். பல்லிட்டா ஷவல்நோஸா என்று அந்த வயதில் கண்ணால் பிரிக்க முடியாது, மரபணுச் சோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குஞ்சையும் தனிக் குப்பியில் 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். தேதி, நேரம், இடம், நீரின் சூடு நான்கையும் ஒரு காகிதத் துண்டில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.